வாசகர் கேள்வி பதில்: போனியும் கிளைடும் ஓடிய ஓட்டம்

சென்ற இதழில் ‘போனி அண்ட் கிளைட்’ படத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். எண்பதுகளில் ஒரு கலியாணத்துக்கு மறுநாள் இரவு, வாடகைக்கு எடுத்த ரிவியிலும் டெக்கிலும் மூன்று தமிழ்ப் படம் ஓடி முடிந்து, விடியப்புறம் யாரோ போட்ட கசெற் அது. எங்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் விளங்காது. பக்கத்து வீட்டு இங்கிலிஷ் மாஸ்டர் பாயில் இருந்தபடியே வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார், கடைசிக் காட்சி வந்ததும் பேசாமல் இருந்துவிட்டார். இவ்வளவுதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களும் வட்ஸ்அப் செய்திகளும் இந்த மாதப் பக்கத்தை முழுதாக எடுத்துக்கொண்டன. படம் பார்க்காதவர்களுக்கு: 1930களின் அமெரிக்கா, வங்கிகள் வீட்டையும் தோட்டத்தையும் பறிக்கிற காலம், ஒரு பெடியனும் ஒரு பெட்டையும் காரைக் களவெடுத்து, கடையை அடித்து, வங்கியை அடித்து, ஆட்களைக் கொன்று, ஓடி ஓடிக் கடைசியில் றோட்டோரத்தில் சுடப்பட்டுச் சாகிறார்கள்.

கேள்வி: படத்தில் வருகிறதெல்லாம் நடந்ததா? எவ்வளவு உண்மை, எவ்வளவு புளுகு? (கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர்)

ஆட்கள் உண்மை, சாவு உண்மை, நடுவில் நிறையக் கற்பனை. கிளைட் பரோ 1909இல் பிறந்தவன், போனி பார்க்கர் 1910இல். இருவரும் கண்டுகொண்டது 1930 ஜனவரியில், டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில், தெரிந்தவர் ஒருவரின் வீட்டில். படத்திலோ அவன் அவளுடைய தாயின் காரைக் களவெடுக்க வந்து நிற்க, அவள் மாடி ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு அன்றைக்கே கூடக் கிளம்பிவிடுகிறாள். உண்மையில் சந்தித்துக் கொஞ்ச நாளிலேயே அவனைப் பொலிஸ் பிடித்து மறியலில் போட்டது, அவள் காத்திருந்தாள். ஈஸ்ட்ஹாம் என்ற சிறைப் பண்ணையில் வேலையின் கொடுமை தாங்காமல் கோடரியால் இரண்டு கால்விரலை வெட்டுவித்தான், வெட்டி ஆறு நாளில், தாய் எழுதிய மனுவுக்கு இரங்கி அவனை விட்டுவிட்டார்கள். படத்தில் இது பேச்சோடு பேச்சாக ஒரு வரியில் போய்விடுகிறது. அவனை மாற்றியது அந்த மறியல்தான் என்று அவனோடு பழகியவர்கள் சொன்னதை வாசித்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதாது.

சி. டபிள்யூ. மொஸ் என்று படத்தில் ஒரு பெற்றோல் செட் பெடியன் கூடவே வருகிறான் அல்லவா, அப்படி ஒருவன் இருந்ததில்லை. டபிள்யூ. டி. ஜோன்ஸ், ஹென்றி மெத்வின் என்ற இரண்டு பேரை ஒன்றாகப் பிசைந்து செய்த ஆள். தங்களைத் தேடித் திரிந்த ஃபிராங்க் ஹேமர் என்ற பொலிஸ் அதிகாரியை இவர்கள் பிடித்து விலங்கு மாட்டி, பக்கத்தில் நின்று படம் எடுத்து, போனி முத்தம் கொடுத்து அவமானப்படுத்துகிற காட்சி முழுப் புளுகு. ஹேமர் அவர்களை நேருக்கு நேர் கண்டது அவர்கள் செத்த நாளில்தான். அவருடைய மனைவியும் மகனும் வழக்குப் போட்டு, 1971இல் படக் கம்பனி கோட்டுக்கு வெளியிலேயே பேசித் தீர்த்தது. என்னைக் கேட்டால் படத்தின் பெரிய பிழை இதுதான். உயிரோடு இருக்கிற குடும்பத்தை நினைத்திருக்கலாம். 2019இல் வந்த ‘தி ஹைவேமென்’ படம் இதே கதையை ஹேமரின் பக்கத்தில் நின்று சொல்கிறது, கெவின் கொஸ்ட்னர் நடித்தது.

கேள்வி: இயக்குநர் யார், விருது ஏதும் கிடைத்ததா? (பருத்தித்துறை)

ஆர்தர் பென். தயாரித்து, கிளைடாக நடித்தவர் வாரன் பீட்டி, போனியாக ஃபே டனவே. எழுதியவர்கள் டேவிட் நியூமனும் ரொபேர்ட் பென்டனும். 1967 ஓகஸ்டில் வெளியானது. ஒஸ்காருக்குப் பத்துப் பரிந்துரை, இரண்டு கிடைத்தது: ஒளிப்பதிவுக்கு பேர்னட் கஃபி, துணை நடிகைக்கு எஸ்டெல் பார்சன்ஸ்.

கேள்வி: நான் 31 வருடம் சங்கக்கடையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். படம் முழுக்க அந்த இரண்டு பேரின் கவலைதான். கடைக்காரனின் கவலையை யாரும் எடுக்கவில்லையே? (சாவகச்சேரி)

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இந்தக் கேள்விக்காகவே படத்தைத் திரும்பப் பார்த்தேன்.

முதலில் உண்மைக் கணக்கு. வங்கி அடித்தது சில தடவைதான். அவர்கள் அதிகம் அடித்தது சின்னச் சாமான் கடையும் பெற்றோல் செட்டும், எங்கள் கணக்கில் சொன்னால் சங்கக்கடையும் ஒழுங்கைமுனைப் பெட்டிக்கடையும்தான். 1932 ஏப்ரலில் ஹில்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு கடைக்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளைட் வெளியே காரில் இருந்தானாம், ஆனால் பொலிஸ் காட்டிய படங்களில் கடைக்காரரின் மனைவி அவனைத்தான் அடையாளம் காட்டினார், அதோடு அவன் கொலைக்குத் தேடப்படுகிறவன் ஆனான். இந்தக் கும்பலின் கணக்கில் 13 கொலை வரை எழுதப்பட்டிருக்கிறது, அதிலே பெரும்பகுதி பொலிஸ்காரர்கள். 1934இல் உயிர்த்த ஞாயிறு அன்று கிரேப்வைன் என்ற ஊருக்குப் பக்கத்தில் இரண்டு நெடுஞ்சாலைப் பொலிஸார் சுடப்பட்டார்கள், ஒருவர் கலியாணம் நிச்சயமான இளைஞர். அவரைக் கட்ட இருந்த பெண் கலியாணத்துக்கு வைத்திருந்த உடுப்போடு செத்தவீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகுதான் அதுவரை இவர்களை மெச்சிக்கொண்டிருந்த சனம் முகத்தைத் திருப்பியது. இது படத்தில் இல்லை.

ஆனால் கடைக்காரன் படத்தில் அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு இடத்தில் கிளைட் துவக்கை நீட்டிக்கொண்டு சாமான் கேட்கிறான், பின்னால் இருந்து ஒரு பெரிய மனிதன் இறைச்சி வெட்டுகிற கத்தியோடு பாய்கிறான். தப்பி ஓடி வந்து காரில் இருந்துகொண்டு, நான் அவனை ஒன்றும் செய்ய வரவில்லையே, ஏன் என்னைக் கொல்லப் பார்த்தான் என்று உண்மையாகவே விளங்காமல் கேட்கிறான். பிறகு வங்கி ஒன்றில் களவெடுத்துவிட்டு வெளியே வந்தால் காரைக் காணவில்லை, கூட வந்த பெடியன் ஒழுங்காக ஓரம் கட்டிப் ‘பார்க்’ பண்ணிவிட்டு இருக்கிறான், அந்தச் சுணக்கத்தில் வங்கி மனிதர் ஒருவர் ஓடிவந்து காரின் பக்கப் படியில் தொற்றுகிறார், கிளைட் கண்ணாடிக்குள்ளால் அவருடைய முகத்துக்கு நேரே சுடுகிறான். வயதானவர், மூக்குக் கண்ணாடி. அதுவரை பாஞ்சோ வாசித்து ஓடிக்கொண்டிருந்த படம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அடுத்த காட்சியில் மூவரும் ஒரு தியேட்டர் இருட்டில் ஒளித்திருக்கிறார்கள், திரையில் பெண்கள் காசைப் பற்றிப் பாடி ஆடுகிறார்கள், கிளைட் பின் வரிசையில் இருந்து அந்தப் பெடியனை ஏசுகிறான். செத்த மனிதரின் வீடு எப்படி இருந்தது என்று காட்டவில்லை. உங்கள் மனக்குறை சரிதான், ஐயா.

எங்கள் பெரியம்மாவின் கணவர் ஒரு கிராமத்துச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர். நான் சின்னப் பெடியனாக இருக்கேக்க ஒரு பின்னேரம் இரண்டு பேர் சைக்கிளில் வந்து துவக்கைக் காட்டிக் காசுப் பெட்டியைக் கொண்டு போனார்கள். ஆளுக்கு ஒரு காயமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு சாகும்வரை, வாசலில் சைக்கிள் நிறுத்துகிற சத்தம் கேட்டால், வந்தது நானாக இருந்தாலும், அவருடைய வலது கை தானாகவே மேசை லாச்சித் திறப்பைப் பிடிக்கும். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்த காலத்திலும், லாச்சியே இல்லாத சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டும் அந்தக் கை போகும். வங்கி மனிதரின் முகம் உடைகிற இடத்தில் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

கேள்வி: கள்ளர், கொலைகாரர் என்று தெரிந்தும் கடைசியில் ஏன் அழுகை வந்தது? அப்படி அழுதது பிழையா? (மானிப்பாய், பல்கலைக்கழக மாணவர்)

பிழை இல்லை தம்பி. அந்த அழுகையை அவர்கள் எப்படிக் கட்டினார்கள் என்று பாரும்.

கார் வருகிறது. கிளைட் போட்டிருக்கிற கறுப்புக் கண்ணாடியில் ஒரு பக்க வில்லையைக் காணவில்லை. போனி ஒரு பெயார்ஸ் பழத்தைக் கடித்துவிட்டு அவனுக்கும் ஒரு கடி கொடுக்கிறாள், சாறு வழிகிறது. றோட்டோரத்தில் தெரிந்த மனிதர் லொறிச் சில்லைக் கழற்றிப்போட்டுவிட்டுக் கையைக் காட்டுகிறார். கிளைட் இறங்குகிறான். பற்றைக்குள் இருந்து பறவைகள் திடீரென்று கிளம்புகின்றன. அந்த மனிதர் லொறிக்குக் கீழே பாய்கிறார். அவன் அவளைப் பார்க்கிறான், அவள் அவனைப் பார்க்கிறாள், முகம் மாறி முகம், ஒரு கண் இமைக்கிற நேரம்தான், இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது என்று எங்களுக்கும் விளங்குகிறது. பிறகு சூடு. நாலு கமெராவை வெவ்வேறு வேகத்தில் ஓட விட்டு எடுத்து, டீடி அலன் என்ற பெண் படத்தொகுப்பாளர் அதை வெட்டி ஒட்டியிருக்கிறார், மெதுவாக ஒரு துண்டு, வேகமாக ஒரு துண்டு, உடம்பு விழுவதா ஆடுவதா என்று தெரியாது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. பற்றைக்குள் இருந்து ஆட்கள் எழும்பி வருகிறார்கள், கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்க்கிறோம், திரை இருளுகிறது. ஒரு வார்த்தை இல்லை, ஒரு பாட்டு இல்லை.

நீர் அழுதது அந்தப் பார்வைக்கு. ஒருவரின் கண்ணை அவ்வளவு கிட்ட வைத்துக் காட்டினால் அவர் யாராக இருந்தாலும் மனம் இளகும். அந்த வங்கி மனிதருக்கும் அப்படி ஒரு கணம் கொடுத்திருந்தால் நீர் அவருக்கும் அழுதிருப்பீர். உண்மையில் நடந்தது 1934 மே 23, லூசியானா மாநிலத்தில் கிப்ஸ்லன்ட் ஊருக்குக் கிட்ட, ஆறு பொலிஸார் பற்றைக்குள் இருந்து 130 அளவு வெடி வைத்தார்கள். கிளைட் காரை விட்டு இறங்கவே இல்லை, முதல் வெடியிலேயே முடிந்தான், பார்வையும் இல்லை ஒன்றும் இல்லை. அவனுக்கு 25, அவளுக்கு 23.

கேள்வி: சில விமர்சகர்கள் இதைக் குப்பை என்று எழுதினார்களாமே? (உரும்பிராய்)

ஓம். நியூயோர்க் டைம்ஸில் பொஸ்லி குரோதர் கிழித்துத் தொங்கவிட்டார். நியூயோர்க்கர் இதழில் போலின் கேல் நீண்ட கட்டுரை எழுதித் தூக்கிப் பிடித்தார். எனக்குப் பிடித்தது மூன்றாவது ஆள், நியூஸ்வீக் விமர்சகர் ஜோ மோர்கன்ஸ்டேர்ன். மோசமான படம் என்று ஒரு வாரம் எழுதினார், தியேட்டரில் சனத்தோடு இருந்து திரும்பப் பார்த்தார், அடுத்த வாரமே நான் எழுதியது பிழை என்று அச்சில் போட்டார். பத்திரிகையில் எழுதுகிற எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மதிப்பு.

கேள்வி: நான் ஆசிரியை. இப்போது பெடியள் வாளைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து ரிக்ரொக்கில் போடுகிற காலம். இந்த நேரத்தில் இப்படியான படத்தைப் புகழ்ந்து எழுதலாமா? (சுன்னாகம்)

ரீச்சர், உங்கள் பயம் எனக்கும் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டுப் படலையை இரவில் வந்து வாளால் கொத்திவிட்டுப் போனார்கள், விடிய நான் போய்ப் பார்த்தேன், தகரத்தில் ஏழு வெட்டு, உள்ளே தாய்க்காரி கதவைத் திறக்காமல் இருந்தாள். இரண்டு நாளில் யாருடைய போனிலோ அந்த வாளும் ஒரு பெடியனின் சிரித்த முகமும். பதினெட்டு வயது வராது.

இந்த விசயத்தில் போனியும் கிளைடும் சரியான முன்னோடிகள். 1933 ஏப்ரலில் மிசூரி மாநிலத்து ஜொப்லின் நகரில் அவர்கள் இருந்த வீட்டைப் பொலிஸ் சுற்றி வளைத்தது, இரண்டு பொலிஸாரைக் கொன்றுவிட்டு ஓடினார்கள், ஓடின அவதியில் ஒரு கமெராவையும் கழுவாத ஃபிலிமையும் விட்டுவிட்டுப் போனார்கள். அதைக் கழுவினால் போனி காரில் காலை வைத்து, கையில் கைத்துவக்கு, வாயில் சுருட்டோடு நிற்கிற படம். விளையாட்டுக்கு எடுத்தது. பத்திரிகைகள் நாடு முழுக்கப் போட்டன. அதற்குப் பிறகு அவள் சுருட்டுக் குடிக்கிற துவக்குக்காரி. அவள் குடித்தது சிகரெட், சுருட்டு இல்லை. அவள் யாரையும் சுட்டதைத் தான் கண்டதில்லை என்று கூடத் திரிந்த ஜோன்ஸ் பிற்காலத்தில் சொன்னார், அவர் இந்தக் கும்பலில் சேர்ந்தபோது வயது 16.

ஆர்தர் பென் இதை நன்றாக விளங்கி வைத்திருக்கிறார். படம் தொடங்குவதே பழைய புகைப்படங்களோடு, ஒவ்வொன்றுக்கும் கமெரா ‘கிளிக்’ என்கிற சத்தம் மட்டும், வெள்ளை எழுத்தில் வருகிற பெயர்கள் மெல்ல மெல்லச் சிவக்கின்றன. படம் நடுவிலும் இவர்கள் தங்களைப் படம் எடுப்பதும், தங்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததை வாசித்துச் சிரிப்பதும், செய்யாத களவையும் தங்கள் தலையில் போட்டிருக்கிறார்கள் என்று ஏசுவதும்தான். தன்னைப் பற்றிய செய்தியை வாசிக்கிற ஆசையில் ஒருவன் எப்படி மாட்டுப்படுகிறான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படம் நான் பார்க்கவில்லை. அதனால் ரீச்சர், பத்தாம் வகுப்புக்கு வேண்டாம், இரத்தமும் மற்றக் காட்சிகளும் இருக்கின்றன. ஏ.எல். பிள்ளைகளோடு நீங்களே பக்கத்தில் இருந்து பாருங்கள், அந்தச் சுருட்டுப் படத்தைக் காட்டி ஜொப்லின் கதையைச் சொல்லுங்கள். வாள் படம் போட்ட பெடியனைப் பற்றி அவர்களே கதைக்கத் தொடங்குவார்கள்.

கேள்வி: கடைசியில் காட்டிக்கொடுக்கிற தகப்பனை என்ன சொல்வது? (வேலணை)

படத்தில் அவர் மொஸ்ஸின் தகப்பன், சிரித்துச் சோறு போட்டுக்கொண்டே காட்டிக்கொடுக்கிறார். உண்மையில் ஹென்றி மெத்வினின் தகப்பன். மகனுக்கு டெக்சாஸில் மன்னிப்புத் தருவோம் என்று பேச்சு, அதற்காக அவருடைய லொறிதான் றோட்டோரத்தில் நின்றது.

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது லேசில்லை. தலையாட்டி, அதாவது வரிசையில் நிற்கிறவர்களை ஆமிக்குத் தலையாட்டிக் காட்டிக்கொடுக்கிறவன், என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள் நாங்கள். சுற்றிவளைப்பில் சாக்கால் தலையை மூடிக்கொண்டு ஜீப்பில் இருந்தவனை நான் வெயிலில் வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன், இரண்டு ஓட்டைக்குள் தெரிந்த கண் மட்டும் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை, அந்தக் கண்ணும் பயந்துதான் இருந்தது. அவனும் யாரோ பெற்ற பிள்ளை, அடி தாங்காமல் வந்தவனாகவும் இருக்கலாம். தகப்பன் மெத்வினுக்கு அடி விழவில்லை, ஆனால் மகன் மின்சாரக் கதிரைக்குப் போகப் போகிறான் என்ற பயம் இருந்தது. நான் அந்தத் தகப்பனைத் துரோகி என்று சொல்ல மாட்டேன். படம் அவரை வெறும் கபடக்காரனாகக் காட்டியது எனக்கு மனத்துக்குச் சரியாகப் படவில்லை, ஒரு தகப்பனின் நித்திரையில்லாத இரவு ஒன்றையாவது காட்டியிருக்க வேணும்.

கேள்வி: இப்படி ஒரு கதையை யாழ்ப்பாணத்தில் வைத்துப் படம் எடுக்கலாமா? குறும்படம் எடுக்கிற ஆசை இருக்கிறது. (திருநெல்வேலி)

எடுங்கள், ஆனால் காரையும் நீண்ட றோட்டையும் அப்படியே கொண்டுவந்து வைக்காதீர்கள். அவர்களின் தப்பித்தல் முழுக்கக் காரிலும் மாநில எல்லையிலும் இருந்தது. கிளைட் ஃபோர்ட் வி-8 காராகப் பார்த்துக் களவெடுப்பான், பொலிஸ் காரைவிட வேகம், ஒரே இரவில் எல்லை தாண்டினால் இந்த மாநிலத்துப் பொலிஸ் அந்தப் பக்கம் வர ஏலாது. யாழ்ப்பாணத்தில் எங்கே ஓடுவது? குடாநாட்டை விட்டு வாகனத்தில் வெளியேற ஆனையிறவுப் பக்கம் ஒன்று, சங்குப்பிட்டிப் பாலம் ஒன்று. மிச்சம் கடல். இங்கே ஓடுகிற சோடி ஒளிக்கத்தான் வேணும், வெறும் வளவு, பனங்கூடல், வெளிநாட்டுக்குப் போனவர்களின் பூட்டிக் கிடக்கிற வீடு. அந்த வீட்டுக்குள் ஒரு கிழமை, வெளியே வேலியால் எட்டிப் பார்க்கிற அயல்வீட்டு ஆச்சி, அதை எழுதிப் பாருங்கள். ஆச்சிக்கு நல்ல வசனம் கொடுங்கள்.

கேள்வி: போனி அவனை உண்மையாகவே விரும்பினாளா? ஒரு பெட்டை ஏன் இப்படிப் போக வேணும்? (நல்லூர், ஒரு வாசகி)

தங்கச்சி, அவள் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவளாக இருந்தவள், கவிதை எழுதுவாள், படம் பார்க்கப் பைத்தியம். 16 வயது ஆக முதலே ஒருவனைக் கலியாணம் கட்டி, அவனும் மறியலுக்குப் போய், அந்தக் கலியாணத்தை முறிக்காமலே இருந்தவள். சாகும்போதும் விரலில் கிடந்தது அந்தப் புருசனின் மோதிரம். படத்தில் முதல் காட்சியே, வெக்கையில் கட்டில் கம்பியைக் குத்திக்கொண்டு போக இடமில்லாமல் கிடக்கிற ஒரு பெட்டைதான். ஊரில் வேலையும் இல்லாமல், கலியாணமும் சரிவராமல், பகல் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்கு அந்தக் கட்டில் விளங்கும்.

விரும்பினாளா என்றால், ஓம் என்றுதான் சொல்வேன். 1933 ஜூனில் டெக்சாஸில் கார் தடம்புரண்டு பற்றரி அசிட் பட்டு அவளுடைய வலது கால் எலும்பு தெரிய வெந்தது. அதற்குப் பிறகு ஒழுங்காக நடக்கவில்லை, கெந்திக் கெந்தி, இல்லாவிட்டால் அவன் தூக்கிக்கொண்டு போவான். படத்தில் இது இல்லை, அழகான தொப்பியும் நீண்ட பாவாடையும்தான் இருக்கிறது, அந்தத் தொப்பியைப் பார்த்துப் பிறகு எத்தனையோ பெண்கள் வாங்கிப் போட்டார்கள். எனக்கு அந்த வெந்த காலைக் காட்டியிருக்கலாம் என்று படும். வீட்டுக்குத் திரும்பிப் போக வழியிருந்த நேரத்திலும் அவள் போகவில்லை.

படத்தில் தாயைச் சந்திக்கிற காட்சி ஒன்று இருக்கிறது, புகை மூடினதுபோல மங்கலாக எடுத்திருக்கிறார்கள். தாயாக வருபவர் நடிகை இல்லை, படப்பிடிப்பு நடந்த பக்கத்து ஆசிரியை. உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கப் போகிறோம் என்று கிளைட் ஆசை காட்டுகிறான், கிட்ட இருந்தால் நீங்கள் கனநாள் உயிரோடு இருக்க மாட்டீர்கள் என்று தாய் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த முகத்தில் கோபம் இல்லை.

சாகமுதல் எழுதின கவிதையில் தங்களை ஒன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் புதைப்பார்கள் என்று போனி எழுதிவைத்தாள். தாய் சம்மதிக்கவில்லை, அவன் உயிரோடு இருக்கேக்க வைத்திருந்தது காணும் என்ற முடிவு. டாலஸில் அவள் ஒரு சவக்காலையில், அவன் வேறொரு சவக்காலையில், அண்ணன் பக்குக்குப் பக்கத்தில். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே கல்.